கன்சோல் என்றால் ஆறுதல் சொல்வது

1

கன்சோல் என்றால் ஆறுதல் சொல்வது என்று நம்பித்தான் அந்த வேலைக்கு மனுப் போட்டேன். சிரிக்காதீர்கள். ஆலங்குடியில் நான் படித்த பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்தின் சொற்பட்டியலில் அப்படித்தான் இருந்தது. மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, அரை மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அரை மார்க் வாங்கிக் கொடுத்த சொல் கடல் தாண்டி வந்து காலை வாரும் என்று யார் கண்டது?

அப்போது கனடாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், நாட்டின் கிழக்கு ஓரத்தில், உருளைக்கிழங்கு மூட்டை கட்டும் கிடங்கில் இருந்தேன். இடுப்பு ஒத்துழைக்க மறுத்தது. 'கன்சோல் சப்போர்ட், தொலைபேசி வழியாக, உட்கார்ந்து பார்க்கும் வேலை' என்று விளம்பரம் வந்தது. பாவம், இந்த நாட்டில் துக்கம் விசாரிக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அதற்கும் ஓர் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த 'உட்கார்ந்து' என்ற சொல்லுக்காகவே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

நேர்காணல் எடுத்தவர் டெனிஸ் என்ற ஐம்பது வயது அம்மா. பின்னால் என் டீம் லீடர் ஆனார். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது. உங்களுக்காக நம்ம பேச்சில் தருகிறேன். டெனிஸ் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"கன்சோல்ல அனுபவம் இருக்காங்க?"

"நெறைய இருக்குங்க. சின்ன வயசுலேருந்தே. வாரத்துக்கு ரெண்டாவது வந்துரும்."

"தனியாவா, கூட்டமாவா?"

"கூட்டமாத்தான். வேன் வச்சுப் போவோம்."

டெனிஸ் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "ஆன்லைன்ல பழக்கம் உண்டா?"

"போன்ல கேட்டா மரியாதை இல்லீங்க. நேர்ல போய் ஒக்காந்தாத்தான்."

"ஒரு தடவை ஒக்காந்தா எவ்வளவு நேரம்?"

"காலையில போனா, எடுக்குற வரைக்கும் இருப்போம்."

"புதுசு பிடிக்குமா, பழசா?"

"பழசுதாங்க. வயசானதுன்னா மனசு ஏத்துக்கும். புதுசு தாங்காது."

அந்த அம்மா எழுந்து கை கொடுத்தார். இவ்வளவு பற்றுள்ள ஆட்டக்காரனைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். முதல் நாள் மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டியையும் இரண்டு கைப்பிடியையும் வைத்து, இதுதான் நம்ம கன்சோல் என்று காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. வீடியோ கேம் பெட்டி. டிவியில் சொருகி ஆடுவது. என் நாற்பத்து நாலு வயதுவரை அதை நான் தொட்டதில்லை. விளங்கியதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சம்பளம் மாதம் முடிந்துதானே வருகிறது, அதற்குள் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். உட்கார இடம் கொடுத்திருந்தார்கள் அல்லவா.

2

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம் என் அக்கா மகன் சரவணன். திருச்சியில் எம்.பி.ஏ. படிக்கிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தான்.

"மாமா, ப்ராஜெக்ட் குடுத்துருக்காங்க. ஒரு கன்சோல் கம்பெனி, ஆடுறவங்க மனசைப் பிடிக்கணும்னா என்ன செய்யணும்? நீங்க அந்த வேலை பாத்தவங்கதானே. பத்து பாயின்ட் அனுப்புங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள."

பத்து பாயின்ட். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் கொஞ்சம் துக்கமானது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். கதையைச் சொன்னால் இவன் புரொபசர் மார்க் போட மாட்டார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கம்பெனிக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் இன்னும் தெளிவாக இருக்க வேண்டும், வேகம் கூட வேண்டும், பெட்டி இன்னும் ஒல்லியாக வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஊழியர் தள்ளுபடியில் ஒரு பெட்டி வாங்கி, மகள் யாழினிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். பத்து வயதில் ஆலங்குடியிலிருந்து வந்தவள். பள்ளியில் அவள் பெயர் 'யாஸ்'. 'ழ'வை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள்.

அவள் ஏற்கனவே வேறு கம்பெனியின் கன்சோலில் ஆடிக்கொண்டிருந்தாள். என் பரிசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அதைவிட நல்லதும்மா. படம் தெளிவா இருக்கும்" என்றேன்.

"தெரியும்ப்பா."

"அப்பறம் என்ன?"

"அதுல யாரும் இல்லப்பா."

அவளுடைய சிநேகிதிகள் நாலு பேரும் அந்த இன்னொன்றில்தான் இருந்தார்கள். காதில் ஹெட்செட் மாட்டி, பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ் பேசிக்கொண்டு, அங்கேதான் இவள் சாயங்காலங்கள் கழிந்தன. நான் கொண்டு வந்தது ஆள் இல்லாத ஊர். படம் எவ்வளவு தெளிவாக இருந்து என்ன?

எனக்குக் கோபம் வந்தது. பிறகு நினைவு வந்தது. ஆலங்குடி வீட்டை விற்றுவிடலாமா என்று அக்கா போனில் கேட்டபோது, "வித்துரு அக்கா, அதுல யாரு இருக்கா" என்று நானும் இதே மாதிரித்தான் சொல்லியிருந்தேன். பெட்டியை உறை பிரிக்காமல் அலமாரியில் ஏற்றிவிட்டேன்.

3

வேலை முக்கியம். ஏன் முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் இங்கே நிரந்தரமாகத் தங்க, பி.ஆர். என்கிறார்களே, அதற்கு விண்ணப்பித்திருந்தோம். விண்ணப்பம் என் வேலையின் மேல் நின்றது. கம்பெனி கொடுத்த கடிதம், அதன்மேல் மாகாணத்தின் சிபாரிசு, அதன்மேல் நான், மனைவி, மகள் மூன்று பேரின் கைரேகை, மார்பு எக்ஸ்ரே, போலீஸ் சான்று. புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு சான்றில் என் அப்பா பெயருக்கு ஓர் எழுத்துக் கூடிப்போய், அவர் என் அப்பாதான் என்று நிரூபிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அந்த வேலை போனால் இந்த அடுக்கு மொத்தமும் போகும். அதனால் ஆபீஸில் யாராவது சத்தமாகத் தும்மினால்கூட என்னைத்தான் அனுப்பப்போகிறார்கள் என்று நினைப்பேன். டெனிஸ் வெள்ளிக்கிழமை சிரித்தால், திங்கட்கிழமை வரை எனக்குத் தூக்கம் இல்லை.

அப்படியிருக்கையில் ஒரு நவம்பரில், கம்பெனி ஓர் அப்டேட் அனுப்பியது. எல்லாப் பெட்டிகளுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்தது. பலருடைய சேவ் அழிந்துவிட்டது.

சேவ் என்றால், ஆட்டத்தில் எதுவரை வந்தோமோ அதுவரை பெட்டி பத்திரமாக வைத்திருப்பது. மறுநாள் அங்கிருந்து தொடரலாம். அது போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று வருடம் ஆடியவர், நாலு வருடம் ஆடியவர், எல்லோரும் மறுபடி வாசலில்.

போன் அடித்தது பாருங்கள். எங்கள் கையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். வருத்தம் தெரிவிக்க வேண்டும், பெட்டியை அணைத்துப் போடச் சொல்ல வேண்டும், இலவசமாக ஒரு கேம் தருவதாகச் சொல்ல வேண்டும், ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பிணத்தைக் கிடத்தி வைத்திருக்கிற வீட்டில் போய், இந்தாங்க, வேறொன்று தருகிறோம் என்பது போல. கேட்டவர்கள் எல்லாம் இன்னும் கோபமானார்கள். பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் ஓர் அம்மா போனில் வந்தார். சஸ்காட்செவன் மாகாணத்துப் பக்கம். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் தாளைப் படிக்கத் தொடங்கினேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. தாளை மூடிவிட்டேன். ஊரில் சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனால் வாயில் தானாக வரும் கேள்விதான் வந்தது. எப்படி நடந்துச்சு? அதை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "எவ்வளவு தூரம் போயிருந்தீங்க?" என்று கேட்டுவைத்தேன்.

அந்த அம்மா சொல்லத் தொடங்கினார். நாலு வருடமாக ஆட்டத்துக்குள் ஒரு பண்ணை வைத்திருந்தாராம். பதினேழு மாடு. ஒவ்வொன்றுக்கும் தன் பஸ்ஸில் வந்த ஒரு பிள்ளையின் பெயர். எது கடைசி நிறுத்தத்தில் ஏறும், எது வாந்தி எடுக்கும், எது ஷூவை விட்டுவிட்டு இறங்கும் என்று பதினேழு பிள்ளைகளைப் பற்றியும் சொன்னார். நான் "ம்" கொட்டினேன். ம் கொட்டுவதில் நமக்கு மிஞ்சி யார்? நாற்பத்து மூன்று நிமிடம். கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, "பொட்டி இருக்கட்டும். நாளைக்கு முதல் மாட்ட வாங்குறேன்" என்றார்.

திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்று வீட்டில் அந்தக் கேள்வியை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினி ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் விலக்கினாள்.

"அப்பா, அது தப்பு. பஸ்ல எவ்ளோ தூரம் போனீங்கன்னு கேக்குற மாதிரி இருக்கு." சரியாக எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். மூன்று முறை சொல்ல வைத்தாள். கண்ணை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஹெட்செட் மறுபடி காதுக்குப் போனது. அந்த வாரத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

4

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஒருவர் வீடியோவில் வந்தார். எல்லோருக்கும் மஞ்சள் சீட்டு. 'ஆட்டக்காரர்களைத் திரும்பப் பிடிக்க நாம் என்ன செய்ய வேண்டும்?' ஒரே வரி எழுத வேண்டும். பெயர் வேண்டாம், பயப்படாமல் எழுதுங்கள் என்றார்கள்.

பக்கத்தில் ஒருவன் தள்ளுபடி என்று எழுதினான். இன்னொருத்தி புதுக் கேம் என்றாள். எனக்குப் பேனாவில் இங்கிலீஷ் இறங்கவே இல்லை. நேரம் முடியப்போகிறது என்று மணி அடித்தார்கள். பதற்றத்தில் 'கேதம் கேக்கணும்' என்று தமிழில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். பெயர் எழுதவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கட்டடத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது நாற்காலிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மூன்று மணிக்கு டெனிஸிடமிருந்து செய்தி. 'ராஜ், ஐந்து நிமிடம் வர முடியுமா?'

கழிப்பறைக்குப் போய் என் மனைவி செல்விக்குப் போன் செய்தேன். செல்விக்கு ஊர் மீமிசல் கடற்கரை. இங்கே சிங்க இறால் ஃபேக்டரியில் வேலை. கடல் மாறினாலும் மீன் விடவில்லை என்பாள். கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள்.

"என்னங்க?"

"செல்வி, வேலை போச்சு. பி.ஆரும் போச்சு. துணிமணிய எடுத்து வை."

"மொதல்ல மூச்சு விடுங்க. என்ன செஞ்சீங்க?"

"சீட்டுல எழுதிப்புட்டேன். கேதம் கேக்கணும்னு."

"யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"அப்பறம் எதுக்குங்க கேதம்?"

"அது… கேம் ஆடுறவங்களுக்கு."

அவள் பக்கம் தண்ணீர் பீய்ச்சும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். "இங்கிலீஷ்ல நாலு கெட்ட வார்த்தை எழுதியிருந்தாக்கூட கோவத்துல எழுதிட்டேன்னு சமாளிக்கலாம். இத என்னன்னு சமாளிப்பீக? போங்க, போயி அந்தம்மா என்ன சொல்றாகன்னு கேளுங்க. எறா காத்துக்கிட்டு இருக்கு."

டெனிஸ் மேசையில் என் மஞ்சள் சீட்டு இருந்தது. பக்கத்தில் அந்த நாற்பத்து மூன்று நிமிடக் கணக்கு.

"ராஜ், இது என்ன எழுத்து?"

"தமிழுங்க."

"என்ன எழுதியிருக்கீங்க?"

சொன்னேன். வேறு வழியில்லை. "எங்க பக்கம் ஒரு வீட்ல சாவு விழுந்தா, போயி விசாரிக்கிறதுக்குக் கேதம் கேக்குறதுன்னு பேருங்க. போனா எதையும் கொண்டு போயி நீட்டுறதில்ல. எல்லாம் சரியாயிரும்னு சொல்றதில்ல. ஒக்காந்து, எப்படி நடந்துச்சுன்னு கேப்போம். அவங்க சொல்லுவாங்க. அடுத்த ஆள் வருவான், அவனும் கேப்பான், மறுபடி சொல்லுவாங்க. காலையில வாயத் தெறக்க முடியாதவங்க, பொழுது சாயுறப்ப முழுசாச் சொல்லிருவாங்க. அம்புட்டுத்தான்."

"எங்க பக்கம் சாண்ட்விச் கொண்டு போவோம்" என்றார் டெனிஸ்.

"அதும் நல்லதுதாங்க."

"கெளம்புறப்ப என்ன சொல்லுவீங்க?"

"ஒன்னும் சொல்ல மாட்டோம். எந்திரிச்சுப் போயிருவோம். வாரேன்னு சொல்லக் கூடாது. சொன்னா, மறுபடி ஒரு சாவுக்கு வாரேன்னு ஆயிரும்."

டெனிஸ் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்த நிமிடக் கணக்கை எடுத்தார். "அந்த பஸ் ஓட்டுன அம்மா நமக்கு லெட்டர் போட்டிருக்காங்க ராஜ்" என்றார்.

5

என்னை அனுப்பவில்லை. மாறாக, என் கேள்வி தாளில் ஏறியது. நாலாவது வரி: 'எவ்வளவு தூரம் வந்திருந்தீர்கள் என்று கேட்கவும்.' யாழினி திருத்திக் கொடுத்த அதே வாசகம். எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் என் பெயரில் ஓர் எழுத்துக் கூடிப்போயிருந்தது. புதுக்கோட்டையிலிருந்து பழகிய விஷயம்தான்.

ஆனால் ஆறு நிமிடம் ஆறு நிமிடமாகவே இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரன் அந்த வரியை ஒரே மூச்சில் படித்து, பதில் வருவதற்குள் ஐந்தாவது வரிக்குப் போய்விடுவான். அது கேதம் இல்லை, வருகைப் பதிவு. நான் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தேன். டெனிஸ் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

பிறகு ஒரு நாள் டெனிஸ் ஒரு படிவத்தை நீட்டினார். என் அழைப்புகளின் ஒலிப்பதிவுகளை 'பயிற்சிக்கு'ப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதமா என்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு என் பேச்சைப் போட்டுக் காட்டப்போகிறார்கள்! நாற்பத்து நாலு வயதுவரை கன்சோலைத் தொட்டிராதவன் வாத்தியார் ஆகிறான்! வேலை இனி அசையாது, பி.ஆர். சட்டைப்பையில் என்று செல்வியிடம் சொன்னேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். வகுப்பு எடுக்கக் கூப்பிடுவார்கள் என்று நீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டையும் வாங்கி இஸ்திரி போட்டு வைத்தேன்.

புதிய பிள்ளைகள் யாரும் சேரவில்லை. சேர்ந்தது போனில் தானாகப் பேசும் ஒரு மெஷின். பயிற்சி அதற்குத்தான்.

கன்சோலுக்கு ஓர் அர்த்தம்தான் தெரியும் என்று அந்த வேலைக்கு வந்து, நாலு வருடம் கழித்து, பயிற்சிக்கும் எனக்கு ஓர் அர்த்தம்தான் தெரியும் என்று கண்டுகொண்டேன். பரீட்சையில் இதற்கும் அரை மார்க் கொடுப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தளத்தில் இருந்த எல்லோரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டார்கள். இனிமேல் அழைப்புகளை மெஷின் எடுக்கும், உங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். நான் டெனிஸைப் பார்த்தேன்.

"எனக்கும்தான் ராஜ்" என்றார்.

அட்டைப் பெட்டியில் கோப்பையையும் சான்றிதழையும் போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் கட்டிப்பிடித்து, பார்க்கலாம், பேசலாம், வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் டெனிஸ் மேசைக்குப் போய்க் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் நடந்தேன். கதவருகே திரும்பிப் பார்த்தேன். டெனிஸ் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்குப் புரிந்திருந்தது.

6

வீட்டுக்கு வந்தபோது செல்வி வேலையில் இருந்தாள். யாழினி மட்டும் இருந்தாள். நான் சமையலறை மேசையில் பெட்டியை வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் தண்ணீர் குடிக்க வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது. அதற்குள் யாரோ அவளை 'யாஸ், யாஸ்' என்று கூப்பிடும் சின்னக் குரல் கேட்டது. ஒரு பொத்தானை அமுக்கினாள். குரல் நின்றது. எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எவ்ளோ தூரம் போயிருந்தீங்கப்பா?"

தமிழில்தான் கேட்டாள். என்னைக் கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கேலியாகவும் இருக்கலாம். யாருடைய மகள்.

"பி.ஆருக்கு ஃபாரம் குடுத்துப் பதினாலு மாசம் ஆச்சும்மா" என்றேன். "மெடிக்கல் முடிஞ்சுது. கைரேகை முடிஞ்சுது. உங்க தாத்தா எங்க அப்பாதான்னு ஒத்துக்கிட்டாங்க. இன்னும் ஒரே ஒரு லெட்டர்தான்."

"சேவ் ஆகலையா?"

"ஆகலம்மா."

அவள் "ம்" என்றாள். நான் சொல்லத் தொடங்கினேன். உருளைக்கிழங்குக் கிடங்கு, நேர்காணல், வேன் வைத்துப் போவோம் என்று நான் சொன்னது, பதினேழு மாடு, நீலச் சட்டை எல்லாவற்றையும். பாதித் தமிழ் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் ம் கொட்டிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் எழுந்தாள். ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போனாள். கேதத்தில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஹெட்செட்காரர்கள் காத்திருந்திருப்பார்கள். அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

சரவணா, ஒரு பாயின்ட் இருக்கிறது என்றேன் இல்லையா, அது இதுதான். இதை ஸ்லைடில் போட முடியாது. மற்ற ஒன்பதை மெஷினிடம் கேள். அதற்கு நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவு. வேலை போன ஏழாவது வாரம் மாகாணம் சிபாரிசைத் திரும்பப் பெற்றது. விண்ணப்பம் மூடப்பட்டது. செல்வியின் இறால் ஃபேக்டரி கடிதம் கொடுத்தது. முதலிலிருந்து மறுபடி போட்டிருக்கிறோம். விண்ணப்பதாரர் இடத்தில் அவள் பெயர். 'சார்ந்திருப்பவர்கள்' என்ற கட்டத்தில் யாழினி ஒன்று, நான் இரண்டு. பதில் இன்னும் வரவில்லை.